சடை நாயும் மலையடிவார ஈரமும்

ஆனைகட்டிச் சோதனைச்சாவடியைத் தாண்டிக் கேரளத்தின் அட்டப்பாடிக்குள் நுழைந்தால் சரிவுகளில் மேய்வது பெரும்பாலும் கறுப்பு ஆடுதான். அட்டப்பாடிக் கறுப்பு ஆடு தனி இனமாகவே பதிவு பெற்றது. கட்டையான, படிந்த, பளபளக்கும் முடி. மழையில் நனைந்தால் உடம்பை ஒரு சிலுப்பு சிலுப்பும். கொஞ்ச நேரத்தில் உலர்ந்துவிடும். இந்த வட்டாரத்து ஊர் நாய்களும் அப்படியே. ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை என்று நாம் பெருமையாகச் சொல்லும் தமிழ்நாட்டு இனங்கள் எல்லாமே குட்டை முடி நாய்கள். 2005 ஜனவரியில் இந்திய அஞ்சல் துறை நான்கு நாட்டு நாய் இனங்களுக்குத் தபால்தலை வெளியிட்டது: ராஜபாளையம், முதோள், ராம்பூர், இமாலய மேய்ப்பு நாய். நான்கில் அடர்ந்த நீளமுடி இமாலய நாய்க்கு மட்டுமே. வெப்பமும் மழையும் மாறி மாறி வரும் நிலத்தில் எந்த முடி தாங்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இந்த நிலத்துக்குப் பூடில் என்ற நாயும் வந்து சேர்ந்திருக்கிறது. கோவையிலிருந்து முப்பது கிலோமீட்டர்தான் என்பதால், நகரத்தை விட்டு இங்கே தோட்டவீடு கட்டிக்கொண்டு வருகிறவர்கள் வளர்த்த நாயையும் கூட்டிவருகிறார்கள். மாதம் ஒருமுறை முடிவெட்டும் கடைக்குப் போய்வந்த நாய் இங்கே சீப்பே படாமல் இருக்கிறது. சில மாதங்களில் அதன் சுருட்டை முடி ஒன்றோடொன்று பின்னித் திரிதிரியாகத் தொங்கத் தொடங்குகிறது. பார்க்கவும் நன்றாகத்தான் இருக்கிறது. ஹங்கேரியில் இதே தோற்றத்தில் 'கொமோண்டோர்' என்ற காவல் நாயும் 'புலி' என்ற மேய்ப்பு நாயும் உண்டு. முகநூல் நிறுவனர் மார்க் சக்கர்பெர்க் 2011இல் வாங்கிய 'பீஸ்ட்' இந்த ஹங்கேரிப் புலி இனத்தைச் சேர்ந்ததுதான். அந்தப் படங்களைப் பார்த்தவர்களுக்கு, நம் பூடிலையும் இப்படியே விட்டுவிட்டால் என்ன என்ற எண்ணம் வருவது இயல்பு.

விடக் கூடாது என்று சொல்லவே இதை எழுதுகிறேன். சடை தானாக உருவாகத் தொடங்கும். நல்ல சடையாக அது தானாக முடியாது. சீவி வளர்ப்பதைவிட சடையாக வளர்ப்பதில்தான் வேலை அதிகம். மழையும் காடும் சூழ்ந்த ஊரில் அந்த வேலையில் முக்கால்வாசி ஈரத்தை விரட்டுவதிலேயே போய்விடும்.

முதலில் இந்த முடி எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். அமெரிக்காவின் தேசிய மனித மரபுத்தொகுதி ஆய்வு நிறுவனத்தில் எலேன் ஆஸ்ட்ராண்டரின் குழு, 80 இனங்களைச் சேர்ந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட நாய்களின் மரபணுக்களை ஒப்பிட்டு, 2009இல் 'சயன்ஸ்' இதழில் ஒரு முடிவை வெளியிட்டது. நாய்களின் முடியில் நாம் பார்க்கும் வகைகளில் பெரும்பாலானவை மூன்றே மூன்று மரபணுக்களின் மாற்றங்களால் விளைகின்றன. எஃப்ஜிஎஃப்5 என்பது முடியின் வளர்ச்சிப் பருவத்தை நிறுத்தச் சொல்லும் மரபணு. அது பழுதானால் முடி நின்ற இடத்தில் நிற்காமல் நீளும். ஆர்எஸ்பிஓ2வில் ஏற்படும் மாற்றம் புருவத்திலும் மோவாயிலும் மீசை தாடி போல முடியை அடர்த்தியாக்கும். கேஆர்டி71, முடிக்காலின் உள்ளுறையில் அமையும் கெராட்டின் புரதத்துக்கு உரியது. அது மாறினால் முடி சுருளும். மூன்றும் மாறாத பழைய வடிவம் குட்டை முடி நாய்களிலும் ஓநாயிலும் உள்ளது. சுருளுக்கும் நீளத்துக்கும் உரிய மாற்றங்கள் ஒரே உடம்பில் கூடும்போது சடைக்கான மூலப்பொருள் தயாராகிறது.

மூலப்பொருளின் கலவையும் முக்கியம். இரண்டு விதமான முடி கலந்திருந்தால் சடை எளிதில் திரளும்: வெளியே முரட்டு முடி, உள்ளே பஞ்சு போன்ற கீழ்முடி. கொமோண்டோருக்கு இரண்டும் உண்டு. இத்தாலியின் ஆல்ப்ஸ் மலையில் ஆடு மேய்க்கும் பெர்கமாஸ்கோவுக்கு மூன்று விதம். அதன் சடை திரியாக இல்லாமல் பட்டையாக விழுகிறது. கீழ்முடிக்கு ஆயுள் குறைவு. சாதாரண நாயில் அது உதிர்ந்து சோபாவில் ஒட்டும். சுருட்டை நாயில் உதிர்ந்த முடி வெளியே வர வழியில்லாமல், பக்கத்து முடிகளின் சுருளுக்குள் சிக்கிக்கொள்கிறது.

சிக்கியதோடு நிற்பதில்லை, நகரவும் செய்கிறது. ஓட்டுக் கூரையில் ஓடுகளின் விளிம்பெல்லாம் இறவாரத்தைப் பார்த்து இருப்பது போல, முடியின் மேல் படிந்திருக்கும் நுண்செதில்களின் விளிம்பெல்லாம் நுனியைப் பார்த்து இருக்கின்றன. தலையிலிருந்து ஒரு நீள முடியைப் பிடுங்கி, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே நீளவாக்கில் வைத்து, விரல்களை முன்னும் பின்னுமாகத் தேய்த்துப் பாருங்கள். எந்தத் திசையில் தேய்த்தாலும் முடி ஒரே பக்கமாகத்தான் ஊரும். வேர் இருந்த முனை முன்னே போகும். எதிர்த்திசையில் போகச் செதில் விடாது. நாய் நடக்கும்போதும் புரளும்போதும் உதிர்ந்த முடிகள் ஒவ்வொன்றும் இப்படி ஒருவழிப் பயணமாக ஊர்ந்து, மற்ற முடிகளுக்குள் புகுந்து இறுகுகின்றன. வெந்நீரில் போட்டு அலசிய கம்பளி ஸ்வெட்டர் சுருங்குவதும், காஷ்மீரில் நெசவே இல்லாமல் கம்பளியை நனைத்துத் தேய்த்து 'நம்தா' விரிப்பு செய்வதும் இதே விதியால்தான்.

தண்ணீர் இந்த வேலையை வேகப்படுத்துகிறது. முழுக்க நனைந்த முடி தன் எடையில் ஏறத்தாழ 30 சதவீத அளவுக்கு நீரை உறிஞ்சிக்கொள்ளும். நீளத்தில் அது ஒன்றிரண்டு சதவீதமே கூடும். பருமனில் 15 சதவீதம் வரை கூடும். பருத்து, மென்மையாகி, ஒன்றையொன்று நெருக்கும் முடிகள் உலரும்போது நெருக்கிய நிலையிலேயே நின்றுவிடுகின்றன. சிக்கைப் பிரிக்காமல் நாயைக் குளிப்பாட்டினால் சிக்கு கல்லாகிவிடுகிறது என்று நாய் வளர்ப்போர் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

சடைக்கும் சிக்குக்கும் வித்தியாசம் தோலில்தான் தெரியும். நல்ல சடை ஒவ்வொன்றும் தோலில் தனக்கென்று ஒரு சிறு வட்டத்திலிருந்து மட்டும் கிளம்பும். இந்தச் சடைக்கும் அடுத்த சடைக்கும் நடுவே விரலால் விலக்கினால் தோல் தெரிய வேண்டும். அந்தக் கோடு மறைந்து, அடியில் எல்லாம் சேர்ந்து ஒரே தகடாக ஆகிவிட்டால் அது சிக்கு. தகட்டுக்கு அடியில் காற்று புகாது. நாய் ஒவ்வொரு அடி வைக்கும்போதும் தோலை அது இழுக்கும். அக்குளில் இப்படித் தகடு பிடித்த நாய் படி ஏறத் தயங்கும். மூட்டு வலி என்று நினைத்து நாம் எலும்புக்கு மருந்து கொடுத்துக்கொண்டிருப்போம்.

குட்டிப் பருவத்து மென்முடி மாறி, வளர்ந்த நாயின் முடி வரும் எட்டாம் மாதத்திலிருந்து பன்னிரண்டாம் மாதத்துக்குள் இந்தத் திரளல் தொடங்கும். அப்போதிலிருந்து ஓராண்டு காலம் விரல்களுக்கு ஓய்வு கிடையாது. காய்ந்த நாயை மடியிலோ மேசையிலோ படுக்க வைத்து, காதுக்குப் பின்புறத்திலிருந்து தொடங்குவது நல்லது. முதலில் கெடுவது அங்கேதான். ஒரு திரளைக் கையில் எடுத்துப் பார்த்தால், நுனியில் அது தானாகவே இரண்டு மூன்றாகப் பிரிய விரும்பும் இடம் தெரியும். அந்தப் பிளவில் இரண்டு கட்டைவிரல்களையும் விட்டு, தோல் வரைக்கும் மெல்லப் பிரித்துக்கொண்டே போக வேண்டும். பழைய துணியைக் கிழிப்பது போன்ற ஒரு மெல்லிய சத்தம் கேட்கும். தோலுக்கு அருகில் வரும்போது மட்டும் ஒரு கையால் தோலை அழுத்திப் பிடித்துக்கொள்ளுங்கள். இழுப்பு தோலுக்குப் போகாமல் உங்கள் விரலிலேயே நின்றுவிடும். சடையின் அடி கட்டைவிரல் நகத்தளவு இருந்தால் போதும். அதைவிடப் பருமனாக விட்டால் உள்ளே உலராது. மிக மெலிதாகப் பிரித்தால் ஆண்டு போகப் போக எடை தாங்காமல் வேரோடு அறுந்து விழும்.

விரலுக்கு மசியாத இடத்தில் கத்தரி வைக்கலாம், ஆனால் தோலுக்கு இணையாக ஒருபோதும் வெட்டக் கூடாது. சிக்குக்குள் தோலும் மடிந்து மேலே வந்திருக்கும், கண்ணுக்குத் தெரியாது. கத்தரியின் முனை வெளியே பார்த்திருக்க, திரளை நீளவாக்கில் பிளப்பதுதான் முறை. காதுமடல், அக்குள், தொடையிடுக்கு, வாலடி, கழுத்துப்பட்டை உராயும் இடம் ஆகிய ஐந்தையும் வாரம் ஒருமுறை தொட்டுப் பார்த்தால் மற்ற இடங்கள் தம்மைத் தாமே பார்த்துக்கொள்ளும். ஆசனவாயைச் சுற்றியும் பாதங்களுக்கு அடியிலும் சடையே வேண்டாம், ஒட்ட வெட்டிவிடுங்கள். வாயோரச் சடை சோறும் எச்சிலும் படிந்து புளித்துப்போகும். அதையும் குட்டையாக வைப்பதே நாய்க்கு நல்லது.

குளியலுக்கு வருவோம். ஷாம்பூவை நேராகச் சடையில் ஊற்றாமல் வாளித் தண்ணீரில் கரைத்து, அந்த நீரைச் சடைக்குள் புகவிட்டுப் பிழிய வேண்டும். தேய்க்கக் கூடாது; தேய்த்தால் நம்தா செய்யும் வேலையை நாமே செய்கிறோம். அலசும் நேரம், ஷாம்பூ போட்ட நேரத்தைப் போலப் பல மடங்கு ஆகும். பிழிந்த நீரில் நுரை துளியும் இல்லாமல் போகும் வரை அலசினால்தான் பிறகு அரிப்பு வராது. சீயக்காய் நம் தலைக்கு நல்லது, சடைக்கு ஆகாது. அதன் தூள் திரியின் நடுவில் போய் உட்கார்ந்தால் எடுக்கவே முடியாது. சோப்பும் வேண்டாம். ஆழ்துளைக் கிணற்றின் உப்புத் தண்ணீரில் உள்ள கால்சியம் சோப்போடு சேர்ந்து கரையாத மண்டியாகி முடியில் படியும். சிறுவாணித் தண்ணீரின் அருமையைக் கோவைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மழைநீரைத் தொட்டியில் பிடித்து வைத்திருப்பவர்கள் நாய்க் குளியலுக்கு அதையே பயன்படுத்தலாம்.

எண்ணெய் தடவும் பழக்கமும் இங்கே உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் இங்கிலாந்து நாய்க் கண்காட்சிகளில் சடைப் பூடில்கள் கோலோச்சின. 'அக்கிலீஸ்' என்ற பூடிலின் சடை 30 அங்குல நீளம் என்று எழுதியிருக்கிறார்கள். நாயின் உயரமே அவ்வளவு இல்லை. அந்தச் சடைகளை எண்ணெயும் பாரஃபினும் பூசி, துணியில் சுற்றிக் கட்டிவைத்துக் காப்பாற்றினார்கள். எண்ணெயில் அழுக்கு சேர்ந்தது; சேர்ந்த அழுக்கைக் கழுவ முடியவில்லை; நாற்றம் தாங்காமல் அந்த மோகமே சில பத்தாண்டுகளில் அடங்கிப்போனது. குளிர்நாட்டிலேயே அந்தக் கதி.

இனி உலர்த்துவது. இதுதான் ஆனைகட்டியில் உண்மையான சோதனை. நன்கு வளர்ந்த கொமோண்டோரின் சடைப் போர்வை ஏழு கிலோ வரை எடை இருக்கலாம் என்பார்கள். குளித்தபின் அது முழுதாக உலர ஒன்று முதல் இரண்டு நாட்கள் ஆகும்; அதுவும் உலர்ந்த காற்றுள்ள ஊரில். நீர் ஆவியாகும் வேகம், சுற்றியுள்ள காற்றில் இன்னும் எவ்வளவு ஈரத்துக்கு இடமிருக்கிறது என்பதைப் பொறுத்தது. ஐப்பசி மழையில் மலைமேல் மேகம் இறங்கிக் கிடக்கும்போது காற்றில் இடமே இருப்பதில்லை. சடையின் வெளிப்பக்கம் தொட்டால் காய்ந்தது போல இருக்கும். நடுவில் முடிகளுக்கு இடையிலான நுண்ணிடைவெளிகள் நீரைப் பிடித்து வைத்திருக்கும். நாயின் உடல்வெப்பம் 38 டிகிரிக்கு மேல். ஈரமும் அந்த வெப்பமும் இருட்டும் சேர்ந்த இடத்தில் மலசீசியா என்ற ஈஸ்ட் காளான் பெருகும். ஊசிப்போன எண்ணெய் வாடை அதிலிருந்துதான் வருகிறது. தோலில் சிவந்த, கசியும் புண்கள் ஒரே இரவில் கூடக் கிளம்பிவிடும்.

ஆகவே நேரம் பார்த்துக் குளிப்பாட்ட வேண்டும். காலை பத்து மணிக்கு, வெயில் உறுதியான நாளில், கரண்ட் போகாது என்று தெரிந்த நாளில். முதலில் தடித்த பருத்தித் துண்டுகளால் ஒவ்வொரு சடையாகப் பிழிய வேண்டும்; நாலைந்து துண்டுகள் நனைந்துபோகும். பிறகு நாயை மேசை மின்விசிறிக்கு முன்னால், காற்று அடியிலிருந்தும் படும்படி உயரமான கம்பிக் கட்டிலில் படுக்க வைக்க வேண்டும். நாய்களுக்கென்று விற்கும் புளோயர் இருந்தால் சூடு இல்லாத காற்றை மட்டும் வேர்ப்பக்கம் அடியுங்கள். சூடான காற்று மேலோட்டை உலர்த்திவிட்டு, உள்ளே காய்ந்துவிட்டதாக நம்மை ஏமாற்றும், தோலையும் சுடும். உச்சி வெயிலில் கட்டிப்போடுவது கூடவே கூடாது. நாய்க்குப் பாதத்தைத் தவிர வேறெங்கும் வியர்வை பெரிதாக இல்லை. நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைத்துத்தான் சூட்டை வெளியேற்றுகிறது. ஈரச் சடையைப் போர்த்தி வெயிலில் நிற்கும் நாய்க்கு அந்த ஒரு வழியும் திணறும். உடல்வெப்பம் 41 டிகிரியைத் தொட்டால் உயிருக்கு ஆபத்து. மாலையில் மிகத் தடித்த சடை ஒன்றைத் தேர்ந்து நடுவில் அழுத்திப் பிழிந்து பாருங்கள். விரலில் குளிர்ச்சி பட்டால் இன்னும் உலரவில்லை.

குளிப்பாட்டாமலே நனையும் நாட்களும் உண்டு. ஓடைக்கரையில் ஓடிய நாய் வீடு திரும்பும்போது ஈரத்தோடு விதைகளையும் கொண்டுவரும். நாயுருவியின் கீழ்நோக்கிய கூர்ச்செதில்கள் போகிற வருகிற எதன் மேலும் தொற்றிக்கொள்ளும். நெருஞ்சி முள் விரலிடுக்கில் குத்தி நிற்கும். இரண்டையும்விடக் கொடியது, மலைச்சரிவுகளில் மண்டிக் கிடக்கும் ஊசிப்புல். அதன் விதைக்கு ஒரு கூர்முனையும் நீண்ட முறுக்கிய வாலும் உண்டு. ஈரம் பட்டால் வாலின் முறுக்கு அவிழும், காய்ந்தால் மறுபடி முறுக்கும். அந்தச் சுழற்சியில் விதை உள்ளே துளைத்துக்கொண்டு போகும். கூர்முனையின் பின்னோக்கிய மயிர்கள் அதைத் திரும்பி வர விடாது. முடியின் செதில் செய்யும் அதே ஒருவழி வேலை. மண்ணுக்குள் புக ஏற்பட்ட இந்த ஏற்பாடு சடைக்குள் அகப்பட்டால் தோலுக்குள் புகுந்துவிடும். குட்டை முடி நாயில் கண்ணில் பட்டுப் பிடுங்கிவிடுவோம். சடை நாயில் சீழ் வைத்தபின்தான் தெரிகிறது.

உண்ணிக்கும் இதுவே கதை. நாய் உண்ணி பரப்பும் பேபிசியா, எர்லிக்கியா காய்ச்சல்கள் இரண்டுமே தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் நாய்களைக் கொல்பவை. சடைநாயில் உண்ணியைக் கண்ணால் தேடிப் பிடிப்பது நடக்காத காரியம். முதுகில் விடும் சொட்டுமருந்து சடையில் படிந்து தோலுக்குப் போகாமலே நின்றுவிடலாம். சடையைப் பிரித்துத் தோலில்தான் விட வேண்டும். வாய்வழியே தரும் புதிய மாத்திரைகள் இந்த நாய்களுக்கு மிகப் பொருத்தம். அவற்றில் ஃப்ளூரலானர் ஒருமுறை கொடுத்தால் பன்னிரண்டு வாரம் பலன் தரும். வலிப்பு வரும் நாயானால் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். மண்ணெண்ணெய் துடைப்பது, கற்பூரம் கரைத்துப் பூசுவது இரண்டும் நஞ்சு. சடையில் ஊறி நிற்கும் நஞ்சை நாய் நக்கிக்கொண்டே இருக்கும்.

எல்லாவற்றிலும் பயங்கரமானது புழு வைப்பது. கிரைசோமியா என்ற ஈ உயிருள்ள திசுவில், சிறு கீறல் கிடைத்தாலும், முட்டையிடும். ஒரு நாளுக்குள் முட்டை பொரிந்து புழுக்கள் சதையைத் தின்றுகொண்டு ஆழமாக இறங்கும். உண்ணி கடித்த புண் ஒன்றே அதற்குப் போதுமானது. மழைக்காலத்தில் நாய் ஒரே இடத்தைத் திரும்பத் திரும்ப நக்கினாலோ, புதிதாக ஒரு துர்நாற்றம் வந்தாலோ, சடையைப் பற்றி யோசிக்காமல் அந்த இடத்தை வெட்டித் திறந்து பாருங்கள். அதே நாளில் மருத்துவரிடம் போக வேண்டும்.

இதையெல்லாம் எடைபோட்டுப் பார்த்தால், தரையைத் தொடும் நீளச் சடை இந்த ஊருக்கு ஆகாது என்பதே என் முடிவு. கொமோண்டோரின் போர்வை ஹங்கேரியச் சமவெளியின் குளிருக்கும் ஓநாயின் பல்லுக்கும் கவசமாக இருந்தது. இங்கே அந்தக் குளிரும் இல்லை. சிறுத்தை நடமாடும் காட்டோரத்தில் நாயைக் காப்பது சடையல்ல, இரவில் பூட்டிய கதவுதான்.

நமக்கு ஏற்ற முன்மாதிரி ஸ்பெயினில் இருக்கிறது. அங்கே ஆடு மேய்க்கவும் தண்ணீரில் இறங்கி வேலை செய்யவும் பழகிய ஸ்பானிஷ் வாட்டர் டாக் என்ற சுருட்டை முடி நாய்க்கும் சடை விழும். ஆடுகளுக்குக் கம்பளி கத்தரிக்கும்போது நாய்க்கும் சேர்த்துக் கத்தரித்துவிடுவார்கள். ஆண்டுக்கு ஒருமுறை, உடம்பு முழுவதும் ஒரே அளவாக. கண்காட்சிக்கு வரும் நாய்க்குக் கூட 12 சென்டிமீட்டருக்கு மேல் முடி வேண்டாம் என்று அந்த இனத்தின் விதிமுறை பரிந்துரைக்கிறது. சடையின் அழகும் இருக்கிறது, ஆண்டுக்கொருமுறை தோல் வெளிச்சத்தையும் காண்கிறது.

எப்போது கத்தரிப்பது? ஆனைகட்டி, சோலையூர்ப் பக்கம் மழைமறைவுப் பகுதி. தென்மேற்குப் பருவத்தில் சாரலும் பலத்த காற்றுமாகப் போய்விடும். கனத்த மழை வடகிழக்குப் பருவத்தில்தான். ஆகையால் புரட்டாசியில் கத்தரிப்பது சரி. மாதம் ஒரு சென்டிமீட்டர் வாக்கில் முடி வளர்ந்தாலும் ஐப்பசி, கார்த்திகை மழை முழுவதும் விரல் நீளம்கூட முடி இருக்காது. துண்டால் துடைத்தாலே உலரும். மார்கழி, தையின் வறண்ட குளிரில் சுருள்கள் திரளத் தொடங்கும், விரலால் பிரிக்கும் வேலைக்கும் அதுவே தோதான காலம். மேற்கே முக்காலி, அமைதிப் பள்ளத்தாக்குப் பக்கம் இருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அங்கே இடவப்பாதி எனப்படும் தென்மேற்குப் பருவ மழைதான் பெரியது. வைகாசி தொடக்கத்திலேயே கத்தரித்துவிட வேண்டும்.

கத்தரிக்கும்போது மழிக்காதீர்கள். ஒரு சென்டிமீட்டர் முடி விட்டால் வெயிலில் தோல் வேகாது, கொசுக்கடியும் குறையும். முடி இறங்கியதும் மூக்கிலிருந்து வால் வரை தோலைத் தடவிப் பாருங்கள்: கட்டி, பழைய தழும்பு, உண்ணி, தோல் தடித்த இடம் எல்லாம் ஓராண்டுக்குப் பிறகு இப்போதுதான் தெரியும். விலா எலும்பையும் தொட்டுப் பாருங்கள். சடைக்குள் மெலிந்துபோன நாயை யாரும் கண்டுபிடிப்பதில்லை. அன்றே எடை போட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். மறுபடி சடை வளர்ந்தபின், மாதம் ஒருமுறை எடை போட்டு ஒப்பிடுவதற்கு அந்த எண் வேண்டும்.